ஏழு விநாடி

பஃபலோவில் பனி கொட்டும் மாலைகளில்
டெரன்ஸ் பிலார்ஸ்கியின் வாய்க்கும் ஊரின் காதுக்கும் நடுவே
ஏழு விநாடி இருந்தது.
அதற்குக் காவல் நான்,
கண்ணாடிக்கு இந்தப் பக்கம், சிவப்புப் பொத்தானில் ஒரு விரல்.

பயிற்சியாளரைப் பன்றி என்றான், விட்டேன்.
வழக்கு வந்தது. விளம்பரமும் வந்தது, இரட்டிப்பாக.
நடுவரின் வீட்டு முகவரியைச் சொல்லப் போனான், அமுக்கினேன்.
நிலையம் அவனை மூன்று முறை துரத்தி
இரண்டு முறை கூடுதல் சம்பளத்தோடு கூப்பிட்டது.
லாரி ஓட்டிகள், ஒரு பல் மருத்துவர், பாதிரியார்கூட
வசவு வாங்கவே அழைப்பார்கள்;
வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி வைப்பார்கள்.

அந்த ஜனவரியில்
கடைசி உதையைக் கோட்டைவிட்ட இருபத்திரண்டு வயதுப் பையனைப் பற்றி
ஒரு வாக்கியம் சொன்னான்.
அதை இங்கே எழுத மாட்டேன்.
ஏழு. ஆறு.
எனக்கும் வயிறு எரிந்துகொண்டிருந்தது அந்தத் தோல்வியில்.
ஐந்து.
விரல் இருந்த இடத்திலேயே இருந்தது.

மறுநாள் பையனின் அம்மா அழைத்தாள்.
பேசவில்லை. பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும்.
டெரன்ஸ் அன்றுதான் முதல்முறையாக
யாரையும் குறுக்கே வெட்டவில்லை.

வேலை போனது அவனுக்கு.
எனக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை.

இப்போது ஈரியில் ஏதோ சின்ன அலைவரிசை,
ஞாயிறு காலை, பள்ளிக்கூட ஹாக்கி, நடுநடுவே டயர்க்கடை.
ஏரியோரம் வண்டியில் போகையில்
விட்டு விட்டுக் கேட்கிறது.
ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் நிறுத்துகிறான்.
எண்ணிப் பார்த்தேன்.
ஏழு வராது. மூன்று, சில சமயம் நான்கு.
ஸ்டியரிங்கில் என் கட்டைவிரல்
எதையோ அமுக்கிக்கொண்டே வருகிறது.