பட்டுருச்சு

ஜிம்கானாவின் மாடி அறையில்
மின்விசிறி மூன்றாம் எண்ணில் மட்டும் சுற்றும்.
மேசைக்கு அந்தப் பக்கம் வழக்கறிஞர் கானோல்கர்,
எப்போதோ நடுவராயிருந்த ஒருவர்,
எழுதுவதற்கு ஒரு பெண்.
இந்தப் பக்கம் இசக்கிமுத்து,
இஸ்திரிச் சூடு ஆறாத சட்டையில்.
அவனுக்கு அடுத்து நான்,
அணியில் வீக்கத்துக்கு ஐஸ் வைக்கிறவன்,
இன்றைக்கு மட்டும் அவன் வாய்.

குற்றம்: பந்து கைவிட்டுப் போன பின் ஆளைச் சாய்த்தது.

சுவரில் படம் ஓடுகிறது.
ஆகஸ்ட் சேறு, அறுபத்தோராவது நிமிடம்.
ஆல்ட்ரின் டிமெல்லோ இடப்பக்கம் பந்தை எறிகிறான்.
யாரோ அங்கேயே நிறுத்துகிறார்கள்.
பந்துக்கும் இசக்கியின் தோளுக்கும் நடுவே
ஒரு வெறும் இடம்.
அதில் மழை மட்டும் நிற்கிறது.

ஒரு நொடிக்குக் கொஞ்சம் கூட, என்கிறார் கானோல்கர்.
சயானில் வண்டியைத் தவறவிட அவ்வளவு போதும்.
காறை எலும்பு முறிய அதில் பாதி.

மறுபடி ஓட்டச் சொல்கிறார், மெதுவாக.
மெதுவாக ஓட்டினால் எல்லோரும் கொலைகாரர்கள்.
இருமினால்கூடத் திட்டம் போட்டு இருமியது மாதிரி இருக்கும்.

வேண்டுமென்றே செய்தானா?
கேள்வி இந்தியில் என்னிடம் வந்து
தமிழில் அவனிடம் போகிறது.
கோவில்பட்டியிலிருந்து தாராவிக்கு வந்து பத்து மாதம்,
இட்லிக் கடைக்கு மாவு தூக்குகிற தோள்,
இவனுக்கு விலை பேசுகிற இந்திதான் தெரியும் என்று
குழுவுக்கு எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

"பட்டுருச்சுண்ணே" என்றான்.

இடித்தான் என்றால் அதில் ஆள் இருக்கிறான்.
பட்டது என்றால் ஆளே இல்லை.
கல் பட்டது, கண் பட்டது, வெயில் பட்டது,
தோள் பட்டது.
எத்தனை பேரை நம் பாஷை
இப்படிப் பின்வாசல் வழியே அனுப்பியிருக்கிறது.

'லக் கயா' என்றேன்.
அந்த வீட்டுக்கும் ஒரு பின்வாசல் உண்டு.

எழுதுகிற பெண் ஆங்கிலத்தில் எழுதுகிறாள்.
அவள் வாக்கியத்துக்கு ஓர் ஆள் வேண்டும்.
பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி
யார், என்று நிமிர்ந்தாள்.

இசக்கி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு
எனக்கு மட்டும் கேட்கும்படி:
"பந்து போனதப் பாத்துட்டேன். நின்னுருக்கலாம்.
மொதப் பாதியில என்னத் தாண்டிப் போயிட்டாம்லா,
அது உள்ள கெடந்துச்சு."

இவ்வளவு நேரம் பேசினானே, என்ன சொன்னான்?
மன்னிப்புக் கேட்கிறான், என்றேன்.
ஈரத்தில் கால் நிற்கவில்லையாம்.

எதிர் நாற்காலியில் ஆல்ட்ரின், நீலத் தூளியில் கை.
பக்கத்தில் அவன் அம்மா,
வசாயிலிருந்து கூட்டத்தில் நின்றுகொண்டே வந்தவள்,
எக்ஸ்ரே உறை மடங்காமல் மடியில் வைத்திருக்கிறாள்.

அப்போது இசக்கி எழுந்தான்.
விலை பேசுகிற அதே இந்தியில்:
"தேக்கா. பால் கயா, தேக்கா. ஃபிர் பி மாரா."
இதற்குக் கீழே குறைக்க முடியாது
என்கிற கடைக்காரன் மாதிரி சொன்னான்.

பேனா ஓடத் தொடங்கியது.

எட்டு வாரம். ஒத்துக்கொண்டதால் ஆறு.
நான் சொன்ன ஈரம் எந்தத் தாளிலும் இல்லை.
மொழிபெயர்த்தவனுக்கு வாரக் கணக்கு கிடையாது.

வாசலில் மழை.
ஆல்ட்ரின் ஒற்றைக் கையால் குடையோடு மல்லுக்கட்டினான்.
இசக்கி ஓர் அடி எடுத்து வைத்தான்,
அப்புறம் நின்றான்.
குடையை மார்பில் அண்டக்கொடுத்து
அவனே விரித்துக்கொண்டு போனான்.
அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

மஸ்ஜித் தாண்டும்வரை இருவரும் பேசவில்லை.
கம்பியில் தொங்கியபடி கேட்டான்:
"ஈரம்னு ஏண்ணே சொன்னிய?"

வாயில வந்துருச்சு, என்றேன்.