காயப்போட்ட மூளை

மன்னார்குடி ஃபேன்சி ஸ்டோரில்
ரோஜா நிறத்தில் நான்கு உருண்டை கேட்டேன்.
பாப்பாவுக்கா என்றான்.
மூளைக்கு என்றேன்.
சில்லறையை எண்ணாமல் கொடுத்தான்.

வைகாசியில் கம்பளி நூல் வாங்குகிற ஊரா இது.
ஊசி கிடைக்கவில்லை.
சைக்கிள் கடையில் இரண்டு போக்ஸ் கம்பி வாங்கி
சிமெண்டுத் தரையில் முனை தேய்த்தேன்.
அந்தக் கீச்சலுக்கு
கட்டிலில் இவர் முகம் சுளித்தார்.
சுளிக்கட்டும். அதுவும் பேச்சுதான்.

மாசியில், கொரடாச்சேரி ரோட்டில்
பாதி ரோட்டை அடைத்து நெல் காயப்போட்டு
தார்ப்பாய் மேல் கல் வைத்திருந்தார்கள்.
இரவு பத்தரை. விளக்கில்லை.
யார் வீட்டு நெல் என்று நாங்கள் விசாரிக்கவில்லை.
விசாரித்தால் தெரிந்தவர்களாக இருப்பார்கள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில்
மண்டையோட்டில் ஒரு சில்லை எடுத்து
வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துத் தைத்தார்கள்.
வீக்கம் வடிந்ததும் திரும்ப வைப்பார்களாம்.
கூட்டுறவு பாங்கில் என் நகை இருக்கிறது,
இவர் வயிற்றில் இவர் மண்டை இருக்கிறது.
இரண்டையும் மீட்க வேண்டும்.

அதுவரை இடப்பக்கம் ஒரு பள்ளம்.
வருகிறவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள்,
ஹார்லிக்ஸ் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு
பார்க்காத மாதிரி.
பார்க்க வேறு ஏதாவது கொடுக்கலாம் என்று தோன்றியது.
அறுவடை மெஷின் ஓட்டிய நாளில்
வைக்கோலில் கிரீடம் திரித்து மாட்டிக்கொண்டு
டீக்கடை வரை போன மனுஷன் இவர்.

முதலில் சாதாரணத் தொப்பி.
அப்புறம் கயிறு:
நான்கு கண்ணி, கம்பியைத் திருப்பாமல்
பின்னிக்கொண்டே போனால்
தானே உருண்டு கயிறாகிவிடும்.
மும்முனை கரண்ட் ராத்திரிதான் வருகிறது.
மோட்டாரைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து
செல்போன் வெளிச்சத்தில்
பதினாறு முழம் பின்னினேன்.

ஸ்கேன் படத்தை ஜன்னல் கம்பியில் செருகி
பார்த்துப் பார்த்துத் தைத்தேன்.
நம் பக்கத்து ஆறு மாதிரி என்று முதலில் நினைத்தேன்.
இல்லை. ஆறு பிரிந்துகொண்டே போகும்,
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு,
அப்புறம் பெயர் வைக்காத வாய்க்கால்கள்.
இது பிரியவே இல்லை.
ஒரே கயிறு
இடம் போதாமல் மடங்கி மடங்கிப் படுக்கிறது,
கல்யாண வீட்டில் ராத்திரி ஆட்கள் படுப்பது போல.

பேச்சு இருந்த இடம் என்று
டாக்டர் பேனாவால் தொட்டுக் காட்டிய
அந்த ஓரத்துக்கு வரும்போது நூல் தீர்ந்தது.
கடையில் அதே ரோஜா இல்லை.
கொஞ்சம் கறுத்த ரோஜாதான்.
வாங்கினேன். வேறென்ன செய்ய.

பக்கத்து வீட்டுக் கபிலன்
ஜாங்கிரியா அத்தை என்றான்.
இவர் தலையில் வைத்துக் கண்ணாடியை நீட்டினேன்.
"கதவு" என்றார்.
மூன்று மாதமாகத் தண்ணீரும் கதவு,
சோறும் கதவு, நானும் கதவு.
ஆனால் வாயில் ஒரு பக்கம் சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை, வியர்வை நாற்றம் போக
ஷாம்பு பாக்கெட் கரைத்து அலசி
கைலிக்கும் என் ஜாக்கெட்டுக்கும் நடுவில்
மூளையைக் கொடியில் போட்டேன்.
சொட்டிக்கொண்டிருந்தது.
ஒரு காகம் வந்து
தலையைச் சாய்த்து யோசித்தது.
பிறகு கறுத்த ரோஜாவைக் கொத்தி இழுத்தது.

கட்டிலிலிருந்து இவர்
காகத்தின் அம்மாவில் தொடங்கி
அதன் வம்சம் முழுக்க ஒரு வசவு விட்டார்.
எழுவாய் பயனிலை எல்லாம் சரியாக இருந்த
நீள வசவு. இங்கே எழுத முடியாது.
ஒரு சொல்கூடக் கதவு இல்லை.

காகம் கரண்ட் கம்பிக்குப் போயிற்று.
அடுப்பை அப்படியே விட்டு ஓடிவந்து
இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றேன்.
என்னைப் பார்த்துக்
"கதவு" என்றார்.

சாயங்காலம் தொப்பி காய்ந்துவிட்டது. அழுக்கே இல்லை.
நாளைக்கும் அலசிப் போட வேண்டும்,
கொஞ்சம் சோற்றுப் பருக்கையோடு.