ஓராள் உயரம்

கோவோலாவில் பனி வடிந்த முதல் சனிக்கிழமை
பழைய வோல்வோவின் ஸ்பிரிங்கை
அறுபது மில்லிமீட்டர் இறக்கினான் அவுலிஸ்.
டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே
ஒரு விரல் போகும்.
மோதிர விரல் என்றால் கழற்றிவிட்டு.
அவன் கழற்றி நான்கு வருடம்.

ஏரிக்கரை வளைவு, ரயில்வே கேட்,
எங்கும் உரசவில்லை.

ஞாயிறன்று சாரா ஏறினாள்,
அவள் மகன், மகனின் செல்லோ,
ஒரு பானை சால்மன் சூப்.
முதல் திருப்பத்திலேயே
கர்ர்ரென்று, ரப்பர் கருகும் வாடை.

"என்ன சத்தம் அது?" பையன் கேட்டான்.
"நீங்கதான்."

இரவே ஜாக்கி வைத்து
கொக்கிச் சாவியால் பத்துச் சுற்று ஏற்றினான்.
சிராய்த்த பெயிண்டைத் தொடவில்லை.
வண்டி இப்போது கொஞ்சம் அசடாய்த்தான் நிற்கிறது,
மழைத் தண்ணீரில் வேட்டியை
முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியவன் மாதிரி.