கொஞ்சம் நோகும்

புத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் என் அறைக்கு
இரண்டு கதவுகள்.
ஒன்றால் பிள்ளைகள் வருவார்கள்,
மற்றதால் ஓடுவார்கள்.
பின்கதவுக்கு நான் கொக்கி போடுவதில்லை.
முதல் வருசம் போட்டுப் பார்த்தேன்.
ஒருத்தன் யன்னலால் பாய்ந்தான்.

சாருஜன். தரம் இரண்டு.
கீழ்க் கொடுப்பில் சூத்தை.
ஐஸ்பழம் பட்டால் துடிக்கிறானாம்,
சோறெல்லாம் ஒரு பக்கத்தால்தானாம்.
சொன்னது தாய்.
அவன் உதடுகளை உள்ளே மடித்து
பல்லால் கடித்துப் பிடித்திருந்தான்.

"ஆவெண்டு குஞ்சு, நோகாது" என்றாள் விஜிதா.
அவளை நிமிர்ந்து பார்த்தான்.
"சாப்பிடாட்டி பல்லு டொக்டரிட்டைக் கொண்டுபோய்
குறட்டாலை இழுப்பிப்பன்" என்று
போன கிழமைவரை வெருட்டிய அதே வாய்.
எதைத்தான் நம்புவான்?

'நோகாது' என்ற சொல்லை
நான் பாவிப்பதை விட்டுக் கனகாலம்.
விறைப்பூசிக்குப் பிறகு ஒரு சிறுமி
என்னைப் பார்த்த பார்வை
இன்னும் கருவித் தட்டில் கிடக்கிறது,
எத்தனை தரம் அவித்தெடுத்தாலும்.

"கொஞ்சம் நோகும்" என்றேன்.
"நுளம்பு கடிச்ச மாதிரியோ?"
"நுளம்பை விடக் கூட. குளவியை விடக் குறைவு."
குளவியை அவனுக்குத் தெரியும்.
முழங்கையைத் திருப்பித் தழும்பைக் காட்டினான்.
"இதுக்குக் கீழையோ?"
"அதுக்கு நல்லாக் கீழை."

பிறகு மிசின்.
வெறும் காற்றில் சுற்றவிட்டேன்.
இரண்டு காதையும் பொத்தினான்,
ஒரு விரலை மட்டும் மெல்ல எடுத்தான்.
"எங்கட வெங்காயத் தோட்டத்து மிசின்
தண்ணி ஏறாமல் கத்திற மாதிரி."
"அப்ப என்ன செய்வீங்கள்?"
"அப்பா ஒரு வாளி தண்ணி வார்ப்பார்."
"நானும் தண்ணிதான் விடுவன். பார்."
அவன் உள்ளங்கையில் விசிறினேன்.
சட்டையில் துடைத்தான்.

ஆனாலும் கதிரையில் ஏறமாட்டான்.
சின்னக் கண்ணாடியை அவனிடம் கொடுத்துவிட்டு
நானே ஏறிப் படுத்தேன். ஆவென்றேன்.

பத்தொன்பது வருசம் இந்த விளக்கைத் திருப்பியிருக்கிறேன்,
இதற்குக் கீழே படுத்ததில்லை.
இப்படிக் கண்ணைக் குத்துமென்று
ஒரு பிள்ளையும் சொல்லவில்லை.
வாய் திறந்திருக்க எப்படிச் சொல்வது?
கூரையில் ஒரு மழைக் கறை, எருமை மாதிரி.
இத்தனை பிள்ளைகளும் இதையா
பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்?

"மிஸ், பின்னாலை கறுப்பா ஒண்டு."
"அடைச்சது."
"நொந்ததோ?"
"நொந்தது. அழுதனான்."
"எத்தினை வயசிலை?"
"முப்பத்திரண்டிலை."
சிரித்துவிட்டான்.
அந்தச் சிரிப்புக்குள் பல்லைக் கண்டேன்,
பழுப்பாய், ஓரம் உடைந்து.
அப்போதே பிடித்து இருத்தியிருக்கலாம்.
விஜிதாவும் கண்ணால் அதைத்தான் சொன்னாள்.
தையல் கடையில் அரைநாள் சம்பளம் போகிறது அவளுக்கு.

"இண்டைக்கு எண்ணிறது மட்டும்" என்றான் அவன்.
ஏறினான். எண்ணினேன்.
இருபத்திரண்டு. முன்னுக்கு இரண்டு இடம் காலி.
தன் விரலாலும் ஒருதரம் எண்ணிப் பார்த்து
என் கணக்கு சரியென்றான்.

வியாழக்கிழமை வந்தான்.
அழுதான்.
அழுதுகொண்டே வாயைத் திறந்து வைத்திருந்தான்.
இரண்டும் ஒன்றாக முடியுமென்று
எனக்கு எந்த வகுப்பிலும் படிப்பிக்கவில்லை.
அடைத்து முடிய, "குளவியை விடக் குறைவுதான்" என்றான்,
விறைத்த உதட்டால், எச்சில் வடிய.
"ஆனா நுளம்பெண்டும் சொல்லேலாது."

விளக்கை இப்போது கொஞ்சம் சரித்து வைக்கிறேன்.
கூரைக்கு வெள்ளையடிக்க
அதிபர் ஆளனுப்பினார்.
வேண்டாமென்று திருப்பிவிட்டேன்.
நான் எருமை என்கிறேன்,
சாருஜன் மோட்டார் சைக்கிள் என்கிறான்.
தரம் ஒன்றிலிருந்து வந்த ஒருத்தி
இரண்டும் இல்லை என்று சொல்லிவிட்டு
என்னவென்று சொல்லாமல் போயிருக்கிறாள்.
திங்கட்கிழமை அவளுக்கு முறை.