ஏழாம் பக்கம்

பகலில் நான் பல் செய்கிறேன்.
ரியெக்கா துறைமுகத்தைப் பார்த்த மூன்றாம் மாடியில்
முகம் தெரியாதவர்களின் கடைவாய்ப் பற்கள்
என் விளக்கடியில் வரிசையாகக் காத்திருக்கும்.
அரை மயிரிழை உயர்ந்துவிட்டாலும்
எங்கோ ஒருவர் ரொட்டியைக் கடித்து முகம் சுளிப்பார்.
அதனால்தான் நினைத்தேன்,
கப்பல் எனக்கு எளிது என்று.

பெட்டி ட்ரியெஸ்தேயிலிருந்து வந்தது.
பாய்மரம் இரண்டு, விலாச்சட்டம் பதினெட்டு,
வால்நட் பட்டைகள் ஒரு கட்டு,
எள்ளைவிடச் சற்றே பெரிய கப்பிகள் ஒரு பொட்டலம்,
இத்தாலிய மொழியில் ஒரு கையேடு.
எனக்கு இத்தாலியன்
மளிகைக் கடை அளவுக்குத் தெரியும்.

பட்டைகளை வெந்நீரில் ஊறவைத்து,
முடி சுருட்டும் இடுக்கியால் வளைத்து,
அணியத்தில் தொடங்கி அமரம் வரை
இடப்பக்கம் முழுவதையும்
நான்கே இரவுகளில் மூடிவிட்டேன்.
"அழகு" என்று வாய்விட்டே சொன்னேன், அறையில் யாருமில்லை.
ஐந்தாம் இரவு, ஒற்றைக் கண்ணை மூடி
மேசை மட்டத்துக்குக் குனிந்து பார்த்தால்
அடியில் ஏராக்கட்டை
வாழைப்பழம்.

ஏழாம் பக்கத்தில் இருந்திருக்கிறது அது:
இந்தப் பக்கம் ஒரு பட்டை,
அந்தப் பக்கம் ஒரு பட்டை, மாறி மாறி.
ஐந்திலிருந்து எட்டுக்குப் போயிருக்கிறேன்.
ஆறும் ஏழும்
முகத்தோடு முகம் ஒட்டிக் கிடந்தன,
என் பசையால்தான்.

கப்பல் கவிழ்ந்தாற்போல என்பார்களே,
அப்படிக் கன்னத்தில் கை வைத்தேன்.
கை திரும்பி வரவில்லை.
அசிட்டோன் தேடிப் போகும் வழியில்
கண்ணாடியில் தெரிந்தவள்
யாரிடமோ தொலைபேசியில் பேசுகிறவள் மாதிரி இருந்தாள்.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.
கீழ்வீட்டு ஷிமே. இழுவைப்படகில் எஞ்சின் வேலை.
"இரவு பதினொன்றுக்கு யார் ஆணி அடிப்பது?"
கொசுக்கால் அளவு ஆணியைக் காட்டினேன்.
அவன் கப்பலைப் பார்த்தான், நெடுநேரம்.
"கோணல்."
"தெரியும்."
"பிரித்துவிடலாமா?"
"பிரித்தால் விலா முறியும்."
பாய்மரக் கப்பலைப் பற்றி அவனுக்கும் ஒன்றும் தெரியாது.
உட்கார்ந்தான்.

ஆளுக்கொரு சொல்லாகக் கையேட்டை உடைத்தோம்.
பாய்மரம் ஒவ்வொன்றையும் பக்கத்துக்கு நான்கு கயிறுகள் பிடித்து நிற்கும்;
அவற்றின் குறுக்கே பதினான்கு ஏணிப்படி.
கணக்குப் போட்டது ஷிமே:
இருநூற்று இருபத்து நான்கு முடிச்சு.
போட்டுவிட்டுத் தூங்கப் போனான்.

நூலின் பிசிறு அடங்க மெழுகில் இழுக்க வேண்டுமாம்.
என்னிடம் இருந்தது பல்செட் மெழுகு, ரோஜா நிறம்.
என் கப்பலின் கயிறுகளில் அதனால்
ஈறின் சாயல் கொஞ்சம் உண்டு.
பல்லைக் கடித்துக்கொண்டு முடிந்தேன்
(என் தொழிலில் இதைச் சொல்லக் கூடாது).
ஒவ்வொரு முடிச்சையும் இறுக்கி இறுக்கி
ஐம்பத்தாறு முடிந்து தள்ளி நின்றால்
கயிறுகள் நடுவில் சிறுத்து, உடுக்கை.
அறுத்தேன்.
மறுபடி,
கிட்டத்தட்ட இழுக்காமல்.

பாய்மரத்தை நிறுத்தும் நாளில்தான் சிக்கல்.
உலகத்துக்கு நேராக நிறுத்துவதா,
கப்பலுக்கு நேராகவா?
நூலில் ஒரு மரையைக் கட்டித் தொங்கவிட்டான் ஷிமே.
உலகம் என்றது மரை.
ஆகவே மரங்கள் நேர், உடல் கோணல்;
முன்னாலிருந்து பார்த்தால்
யாரோ கூப்பிட்டுத் திரும்பும் ஆள் போல இருக்கிறது.
சன்னலில், அந்தப் பக்கம் கடலுக்குத் தெரிய வைத்திருக்கிறேன்.
கடல் ஒன்றும் சொல்வதில்லை.

கையேட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லாதது ஒன்று:
தெற்கிலிருந்து ஈரக் காற்று, யூகோ, வரும் முன்பே
பருத்திக் கயிறுகள் இறுகிவிடுகின்றன.
மலையிலிருந்து புரா இறங்கிக்
காற்று காய்ந்தால் தொய்கின்றன.

காலையில் படிக்கட்டில் கீழிருந்து ஒரு குரல்:
"கயிறு எப்படி?"
விரல் நுனியால் ஒன்றைச் சுண்டுகிறேன்.
"விறைப்பு."
மழைக்கோட்டை எடுக்க
அவன் திரும்ப மாடியேறும் சத்தம்.