பதினெட்டு அடி பாக்கி

மலையேறும்போது லாரியில் ஒரே கூத்து.
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
ஆளுக்கொன்றாய்ப் பேர் வைத்துக்கொண்டு போனோம்.
பதினாலாவதில் தீர்த்தகிரி வாந்தியெடுத்தான்.
அதற்கு அவன் பேரே ஆயிற்று.

நாகலூர் தாண்டி
காபித் தோட்டம் முடிகிற இடத்தில் ஊர்.
மேலே பாறை இடுக்கில் ஊற்று,
கீழே அங்கன்வாடி வாசலில்
புதிதாய் நட்ட ஒற்றைக் குழாய்.
நடுவே நாங்கள்:
கோரிமேட்டு ராணுவக் கல்லூரி, மூன்றாம் பிரிவு,
பன்னிரண்டு பேர், கடப்பாரை ஆறு.
பிரிவுத் தலைவன் நான்.

தலைவன் கடைசியில் சாப்பிட வேண்டும்,
கடைசியில் வண்டியேற வேண்டும்.
பாடத்தில் இருக்கிறது. செய்தேன்.

கீழிருந்து தோண்டிக்கொண்டே போனோம்.
மூன்றரைக்குப் பாறை குறுக்கிட்டது.
கடப்பாரை பட்டுப் பொறி பறந்தது,
பாறைக்கு ஒன்றுமில்லை.
பதினெட்டு அடி பாக்கி.
நாலு மணிக்கு லாரி ஹாரன்.
நாலேகாலுக்குப் போட்டோ.

யாருடைய யோசனை என்று
இன்றுவரை எவனும் சொல்லவில்லை.
நான் கேட்கவுமில்லை,
ஜெர்ரிகேனைத் தூக்கிக் கொடுத்தவன் நான்.
புதருக்குள் உட்கார்ந்து ஒருவன் ஊற்ற
கீழே குழாயில் தண்ணீர் வந்தது.
எல்லோரும் சிரித்திருக்கிற படம் அது.
பதிவேட்டில் ‘பணி முடிந்தது’ கட்டத்தில்
என் கையெழுத்து,
சுழியெல்லாம் சரியாக.

கடைசியாய் ஏறினேனா,
அதனால் பார்த்தேன்.

ஒரு பெண் குடத்தோடு வந்தாள்.
பாதிக் குடம். நின்றது.
மூடித் திறந்தாள்.
தூங்குகிற பிள்ளையைத் தட்டுகிற மாதிரி
குழாயை லேசாகத் தட்டினாள்.
குனிந்து அதன் வாய்க்குள்
ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள்.
லாரி திரும்பிவிட்டது.

அஸ்தம்பட்டியில் இறங்கித் தட்டுவடை செட் தின்றோம்.
பீட்ரூட் சிவப்பு விரலைவிட்டுப் போகவில்லை.

ராத்திரி பத்தரை. கேப்டன் பொன்னப்பாவின் கதவு.
“சார், கையெழுத்தை அடிக்கணும்.”
“கேடயம் உங்க பிரிவுக்கு. தெரியுமா?”
“தெரியும் சார்.”
பேனாவை நீட்டினார். வேறொன்றும் பேசவில்லை.
அடித்துவிட்டு மேலே எழுதினேன்:
முடியவில்லை. பதினெட்டு அடி பாக்கி.
ஊற்றிக் காட்டியது இருபது லிட்டர்.

விடிந்ததும் துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கி
மைதானம் ஏழு சுற்று.
எனக்கு மட்டும் என்றால் சுலபம்.
பிரிவுக்கே.
ஐந்தாம் சுற்றில் தீர்த்தகிரி பக்கத்தில் வந்து
“உத்தமனாகணும்னா ஒத்தையா ஆகுடா”
என்றுவிட்டுப் பின்தங்கினான்.
அதில் பாதி நியாயம் உண்டு.
எந்தப் பாதி என்று
இன்னும் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை யாரையும் கூப்பிடவில்லை.
நான் கூப்பிட்டால் அது உத்தரவு.
பலகையில் பஸ் நேரம் மட்டும் எழுதிவைத்தேன்:
ஏழு பத்து.
இர்ஃபான் வந்தான். ஜெபராஜ் வந்தான்.
சினிமாவுக்குக் கிளம்பியவன்போல்
சென்ட் அடித்துக்கொண்டு தீர்த்தகிரி.
“பதினாலாவது வளைவு என்னுது. போய்ப் பாக்கணும்ல.”

பாறையை உடைக்கவில்லை, சுற்றிக்கொண்டு போனோம்.
பதினெட்டு அடி முப்பத்தொன்றாயிற்று.
கூடுதல் குழாய்க்கு நாகலூர்க் கடையில்
திரும்பிப்போகிற பஸ் காசையும் சேர்த்துக் கொட்டினோம்.

சாயங்காலம் குழாய் முதலில் இருமியது.
பிறகு செம்மண்ணாய்த் துப்பியது.
அதே பெண். பேர் குப்பாயி.
முதல் குடத்தை மிளகுக்கொடி அடியில் கவிழ்த்தாள்.
இரண்டாவதையும் கவிழ்த்தாள்.
மூன்றாவதில் ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள்.
நாலு பேரும் அவள் தொண்டையையே
பார்த்துக்கொண்டு நின்றோம்.

“போன வாரம் யாரு ஊத்துனது?”

இர்ஃபான் தரையைப் பார்த்தான்.
வகுப்பில் தூக்குவதுபோல்
நான் கையைத் தூக்கினேன்.

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.
“ஊத்துனதுதான் ஊத்துன,
ஒரு குடமாச்சும் முழுசா
ஊத்தியிருக்கக் கூடாதா?”