நாற்பத்தைந்து மில்லி

பதினேழாம் மாடியில்
மூன்றடித் தண்டவாளம் எனக்கு.
எஞ்சின் முன்னே போகும், பின்னே வரும்.
வளையவிட்டால் சோபாவை எங்கே வைப்பது?

ஜெலுத்தோங். கூ வீட்டு வாசல்.
பெயரை யாரும் கேட்கவில்லை.
"அகலம்?"
"நாற்பத்தைந்து மில்லி."
ரிட்சுவான் செருப்புகளை ஒதுக்கினான்.

பூந்தொட்டியைச் சுற்றி,
சாக்கடைப் பலகை ஏறி,
காரின் வயிற்றடியில் புகுந்து
வெளியே வந்தாள் என் கறுப்பி.
சுவரோரமே ஓடியவளின்
இடப்பக்கச் சக்கரங்கள் சுழல்வதை
இன்றுதான் பார்க்கிறேன்.

மழை.
இருந்த குடை இரண்டு.
பெட்டிகளுக்குப் பிடித்துவிட்டு
ஐந்து பேரும் நனைந்தோம்.

கிளம்பும்போது கூ
மைலோ டின்னில் ஒட்டிய தாளில் எழுதினார்:
அடுத்த ஞாயிறு, வளைவு இரண்டு, கொண்டுவருவது...
பேனா நின்றது. நிமிர்ந்தார்.
"யாழரசி."
இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.
பிறகு என் எஞ்சின் எண்ணைப்
போட்டுக்கொண்டார்.